வாசலில் கூப்பிடாமல் வந்த அம்பு

தக்பிலாரன்,
செப்டம்பர் 4, வியாழன்

அன்பு மகன் ஜெர்வினுக்கு,

மாதாவின் தயவில் இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு என் சோற்றை நானே பொங்கிக்கொண்டு இருக்கிறேன். அங்கே நீயும் மருமகள் மார்யுத்தும் குழந்தையும் குளிர் வருவதற்கு முன் ஒரு இருமல் தும்மல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன், அது பின்லாந்து வரைக்கும் வந்து சேர்கிறதா என்பது மெழுகுவர்த்திக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு என்ன ஆயிற்று, இந்தக் காலத்தில் பேனா பிடித்துக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். கம்ப்யூட்டரில் எழுத உட்கார்ந்தால் பாதியிலேயே நீ உள்ளே வந்து படித்துவிடுவாயோ என்ற பயம் எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. போனில் பேசலாம் என்றால் மூன்றாவது வாக்கியத்தில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால் காகிதம்தான் எனக்குத் தோது. படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் அத்தனை வருஷம் உட்கார்ந்து, வரிசையில் நிற்கிறவன் குறுக்கே பேசினால் கண்ணாடியைத் தட்டி அடக்கியவள் நான், இன்றைக்கு நீ வரிசையில் நின்று நான் முடிக்கும் வரைக்கும் கேள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் போட வேண்டும் என்று முழ நீளத்துக்கு ஒரு மெசேஜ் போட்டாயே, அந்த லினக்ஸ் அதில் இல்லை, விண்டோஸ் போடச் சொல்லிவிட்டேன். நீ அங்கிருந்தே உள்ளே வந்து பார்ப்பதற்கு ஒரு வழி வைப்பாயே, அதையும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்றோ, அம்மாவுக்கு ஒரு எழவும் புரியாது என்றோ மார்யுத்திடம் சொல்லிச் சிரிக்காதே. எல்லாம் புரிந்துதான் சொன்னேன். அது எனக்கு எப்படிப் புரிந்தது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பழையது போனது இப்படி. போன மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது, திடீரென்று உள்ளே பட்டென்று ஒரு சத்தம், பிறகு கருகின வாடை. ட்ரைசிக்கிளில் ஏற்றி அர்னேல் கடைக்குக் கொண்டுபோனேன். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தானே, அந்த அர்னேல்தான், மார்க்கெட்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான், கூடவே ஒரு தொப்பையும் வைத்திருக்கிறான், என்னை இன்னும் சொந்த அத்தை மாதிரி டீட்டா என்றுதான் கூப்பிடுகிறான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கருகிப்போன ஒரு பல்லியை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, "டீட்டா, ஜெர்வின் வரமாட்டான்னு இவரே ரிப்பேர் பண்ண உள்ள போயிருக்காரு" என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். இனி இது தேறாது, புதுசுதான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பழைய பெட்டியை உன் கையால் நீயேதான் வைத்துக் கொடுத்தாய், நீ கடைசியாக இங்கே வந்தபோது, ஆறு வருஷம் ஆகிறது. எல்லார் வீட்டிலும் இருக்கிற விண்டோஸே நமக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று உன் அப்பா சொன்னார். "ஊரே திருட்டு காப்பிலதான் ஓடுது, என் வீட்டுல அது வேணாம்ப்பா, நான் செய்யற வேலைக்கே அசிங்கம்" என்று நீ சண்டைக்கு நின்றாய். அது நியாயம்தான், நான் உன் பக்கம்தான் பேசினேன். பிறகு லினக்ஸின் அருமை பெருமைகளை எல்லாம் அடுக்கினாய், காசு இல்லை, வைரஸ் தொல்லை கிடையாது, பழைய மெஷினிலும் ஓடும், நான் எங்கே இருந்தாலும் அங்கிருந்தே உள்ளே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று. மற்றதெல்லாம் உன் அப்பாவுக்கு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. எங்கே இருந்தாலும் உள்ளே வரலாம் என்ற ஒன்றுதான் அவர் மனசில் தங்கியது, உடனே அதையே போடு என்று சொல்லிவிட்டார்.

நீ அங்கே போய்ச் சேர்ந்து முதல் தடவை உள்ளே வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மவுஸை யாரும் தொடவில்லை, திரையில் அம்பு மட்டும் தானாக நகர்ந்தது. உன் அப்பா துள்ளி எழுந்து அறைக்குள் ஓடிப்போய் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவனுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள் மனுஷா, அவனுக்குத் திரைதான் தெரியும் என்றேன். "புள்ள வீட்டுக்கு வந்திருக்கான், நான் பனியனோட உக்காரவா" என்றார். அடுப்பில் இருந்த சிக்வாத்தே கொக்கோவை ஒரு கோப்பையில் ஊற்றி, இலையில் சுற்றி அவித்த ஒட்டரிசி புட்புட் இரண்டை ஒரு தட்டில் எடுத்து கீபோர்டு பக்கத்தில் வைத்தார். சாப்பிட்டாயா மகனே என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அவர் அடித்து முடிப்பதற்குள், நீ ஒரு சின்னக் கட்டத்தில், அப்பா மவுஸைத் தொடாதீங்க, நான் வேலை பாத்துட்டிருக்கேன் என்று எழுதிவிட்டாய். அவர் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீ போன பிறகும் நெடுநேரம் அப்படியேதான் இருந்தார், சிக்வாத்தே ஆடை கட்டிப்போயிற்று.

நம் ஊரில் யார் வந்தாலும், மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவனாக இருந்தாலும், வெளியில் நின்று மாயோ என்று குரல் கொடுப்பான், உள்ளே இருந்து தயோன் என்று பதில் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவான். உன் அம்புக்கு அந்த மரியாதை எல்லாம் கிடையாது. ஆனாலும் அது அசைந்தால் போதும், யாரும் கூப்பிடாமலே உன் அப்பா தயோன் என்று சொல்லுவார்.

அந்த மேஜை உனக்குத் தெரியும், கண்ணாடிக்கு அடியில் நம் படங்களை எல்லாம் பரப்பி வைத்திருக்கிற மேஜை. நீ வைத்துவிட்டுப் போன மவுஸ் பேட் சரியாக உன் பட்டமளிப்புப் படத்தின் மேல் வந்தது. பிள்ளையின் முகம் மறைகிறது என்று அப்பா அதை எடுத்து மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டார், அதற்குப் பிறகு மவுஸ் வெறும் கண்ணாடி மேல்தான் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் இதற்கு வருகிறேன்.

அதற்குப் பிறகு நீ அநேகமாகத் தினமும் வர ஆரம்பித்தாய், அதாவது அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் அவர் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, எதையும் தொடாமல், சட்டையை மாட்டிக்கொண்டு காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் அம்பு மெல்ல நடுங்கும், விரற்கடை தூரம் நகரும், நிற்கும், மறுபடி நகரும். "பாத்தியா எமெரிட்டா, வந்துட்டான்" என்பார். ஒன்றும் எழுத மாட்டேன் என்கிறானே என்று நான் கேட்டால், "வேலையில இருப்பான், அப்பன் எப்படி இருக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டுப் போறான், அது போதாதா உனக்கு" என்று எரிந்து விழுவார். கூரை ஒழுகுவது, சேவல் முட்டாள்தனமாக நடுப்பகலில் கூவுவது, பக்கத்து வீட்டு பசிங் தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை போட்டது எல்லாவற்றையும் அந்த அம்பிடம் சொல்லுவார். என்னிடம் பேசாத பேச்செல்லாம் அதனிடம் பேசினார், எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். மூச்சு வாங்க ஆரம்பித்து, நாற்காலியில் உட்கார்வதே பாடாகப் போன பிறகும் அதை அவர் விடவில்லை. பூசை முடிந்து வரும்போது, ஜெர்வின் எப்போது ஊருக்கு வருகிறான் என்று யாராவது கேட்டால், நான் பதிலைத் தேடிக்கொண்டிருப்பேன், அவர் மட்டும் தலையை நிமிர்த்தி, "அவன் தினமும் வரானே" என்பார்.

போன அக்டோபரில் அவர் போனார். வெளிநாட்டுப் பிள்ளை வரும் வரைக்கும் சவப்பெட்டியை வீட்டில் வைத்திருப்பது நம் வழக்கம், வைத்திருந்தோம். ராத்திரி ராத்திரியாக ஊரார் வந்து சீட்டாடி, பிஸ்கட் தின்று காப்பி குடித்து, எங்களோடு விழித்திருந்தார்கள், பசிங் ஜெபம் சொன்னாள். டிக்கெட் போட்டுவிட்டேன் என்றாய். மறுநாள் நாளைக்கு என்றாய். பிறகு, "அம்மா, ஆபீஸ்ல ஆயிரம் மெஷினுக்கு சிஸ்டம் மாத்தற வாரம், நான் இல்லன்னா எல்லாம் நின்னுடும், எனக்காகக் காத்திருக்க வேணாம்" என்றாய். இங்கே நின்றுபோனது ஒன்றுதான், அதற்கு நீ வந்தும் ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று நினைத்தாய் போலிருக்கிறது. அடக்கத்தின்போது பசிங் போனைத் தூக்கிப் பிடித்தாள், நீ அதில் பார்த்தாய். அழுதாய் என்று அவள் சொன்னாள், எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தெம்பு இல்லை.

நாற்பதாம் நாள் நடந்ததை இதுவரைக்கும் உனக்குச் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் ஆத்மா வீட்டை விட்டுக் கிளம்புகிற நாள், கதவைத் திறந்து வைத்து, அவருக்குப் பிடித்த வெல்லச்சோறு பீகோவும் கோழியும் படைத்திருந்தோம். பெண்கள் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள், நான் ஜெபத்துக்கு அச்செடுக்க வேண்டிய தாளை கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தேன், இரண்டு வரிதான் பாக்கி. கையை எடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறேன், அம்பு நகர்கிறது. நடுக்கம் இல்லை, நேராக, தெரிந்து போகிறவர் மாதிரி மூலைக்குப் போயிற்று. பசிங் அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ எமெரிட்டா, அவர்தான், போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போக வந்திருக்காரு" என்று அலறினாள். எல்லாரும் முட்டி போட்டோம். நானும் போட்டேன், போய்வா சிப்ரிங் என்று உன் அப்பாவைப் பேர் சொல்லி அனுப்பி, அந்தத் திரையைத் தொட்டுக் கும்பிட்டேன். திரை கறுத்தது. அவர் போய்விட்டார் என்று பெண்கள் அழுதார்கள். கொஞ்ச நேரத்தில் அது தானாக மறுபடி எரிந்தது, நான் அடித்து வைத்த ஜெபம்தான் காணாமல் போயிருந்தது. பசிங் இன்றைக்கும் அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், ஒரு கன்னியாஸ்திரீ கூட வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

இப்போது உன் போனுக்கு வருகிறேன். பழைய மெஷின் போயிற்று என்று மெசேஜ் போட்டதும் நீயாகவே கூப்பிட்டாய், அதுவே ஒரு அதிசயம். உன் குரலில் அப்படி ஒரு ஆசையை நான் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. என்னிடம் கேட்டாயா, உடம்பு எப்படி என்று கேட்டாயா, நேரே லினக்ஸ் புராணம்தான். அதன் பெருமையே அதைக் கவனிக்கவே வேண்டியதில்லை என்பதுதான் என்றாய். "நீங்களே சொல்லுங்கம்மா, ஆறு வருஷத்துல நான் அதுக்கு என்ன பண்ணேன்? மூணு மாசத்துக்கோ நாலு மாசத்துக்கோ ஒருக்கா அஞ்சு நிமிஷம் உள்ள வந்து அப்டேட் போட்டேன், அவ்ளோதான். போன நவம்பர்ல போட்டு ரீஸ்டார்ட் பண்ணதுதான் கடைசி, அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல, ஓடிச்சா இல்லையா?" என்றாய். நீ தினமும் வரமாட்டாயா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "தினமும் எதுக்கும்மா?" என்றாய். அடுப்பில் பொங்குகிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அப்படியானால் என் புருஷன் தினமும் யாரிடம் பேசினார் என்பது எனக்கு விளங்கவே இல்லை. அந்தக் குழப்பத்தோடுதான் புதுசு வாங்க அர்னேல் கடைக்குப் போனேன். புது மெஷினை அவன் கடையின் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்து மவுஸைச் சொருகி செட்டப் திரையைத் திறந்துவிட்டு, எதைப் போடட்டும் டீட்டா என்று கேட்டுக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைத் தேடப் போனான். நான் திரையைப் பார்த்தேன். அம்பு மெல்ல நடுங்கியது. விரற்கடை தூரம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. யாரப்பா வந்திருக்கிறது என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "யாரும் வரல டீட்டா, கண்ணாடி மேல வச்சா அப்படித்தான், அடியில இருக்கற லைட் வழுக்கும், அம்பு அதுபாட்டுக்கு ஆடும்" என்று சொல்லி, பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து மவுஸுக்கு அடியில் தள்ளினான். அம்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அசையவே இல்லை.

நான் உட்கார ஒரு நாற்காலி கேட்டேன். அழவில்லை, நடுக்கடையில் அழுகிறவள் இல்லை நான். ஆனால் உன் மேல் வந்த ஆத்திரத்தை எந்தக் காகிதத்திலும் எழுத முடியாது ஜெர்வின். நீ நிஜமாக வந்த அன்றைக்கு அது உன் அப்பா என்று நாங்கள் முட்டி போட்டோம். யாருமே வராத நாளெல்லாம் அது நீ என்று அவர் சட்டை மாட்டினார். அவருடைய நாற்பதாம் நாள் அது என்று உனக்குத் தெரிந்தா ரீஸ்டார்ட் செய்தாய் என்று கேட்க மாட்டேன். தெரிந்து செய்திருந்தால் நீ கல், தெரியாமல் செய்திருந்தால் அதைவிட மோசம், எது என்று எனக்குச் சொல்லாதே.

அர்னேல் ஒரு சோடாவைக் கொடுத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டான், லினக்ஸா விண்டோஸா என்று. இரண்டில் எதற்கு ஆள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். "டீட்டா, ஆளே வரவேண்டாத மாதிரி ஒண்ணு குடுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க, வர்ற மாதிரி கேட்ட மொத ஆள் நீங்கதான்" என்றான். பிறகு யோசித்துவிட்டு, "ரெண்டும் நல்லாத்தான் ஓடும். ஆனா லினக்ஸ்னா எனக்குக் கைவராது, ஏதாச்சும்னா ஜெர்வின்தான் அங்கிருந்து உள்ள வரணும். விண்டோஸ்னா நானே வந்து பாப்பேன்" என்றான். விண்டோஸ் போடு என்றேன். "ஒரிஜினலா, இல்ல ஊர் வழக்கமா?" என்று கண்ணடித்தான். ஒரிஜினல்தான் போடு, இல்லையென்றால் என் பிள்ளைக்கு அசிங்கம் என்றேன். ஜெர்வின் அங்கிருந்து பார்ப்பதற்கு ஏதாவது போட்டு வைக்கட்டுமா, வெளிநாட்டுப் பிள்ளைங்க எல்லாம் அதைத்தான் கேட்கிறாங்க என்றான். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை, அதற்கே அவனுக்கு ஒரு புண்ணியம்.

ஆக, லினக்ஸில் ஒரு குறையும் இல்லை, நீ சொன்னதெல்லாம் உண்மை. கவனிக்காமலே ஆறு வருஷம் ஓடியது. அதுதான் எனக்கு ஆகாமல் போயிற்று. இந்த வீட்டில் கவனிக்காமலே ஓடினது அது ஒன்று மட்டும் இல்லை.

போன வாரம் பிரிண்டர் வேலை செய்யவில்லை, சொன்னேன், அர்னேல் வந்தான். வாசலில் நின்று மாயோ என்றான், தயோன் என்றேன், அந்த வார்த்தையைச் சொல்லி எனக்கு எத்தனை மாசம் ஆயிற்று. பிரிண்டரைச் சரிசெய்துவிட்டு ஒரு தட்டு பான்சிட் நூடுல்ஸைக் காலி செய்தான், ஒழுகுகிற இடத்தில் ஒரு தகரத்தையும் செருகிவிட்டுப் போனான். பள்ளியில் உனக்குப் பத்து மார்க் கீழேதான் எப்போதும், அவன் அம்மா அதற்காக அவனை எவ்வளவு திட்டியிருப்பாள். நன்றாகத் திட்டினாள், இப்போது அவள் வீட்டில் ராத்திரிச் சோற்றுக்குப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. எனக்கு ரத்த அழுத்தம் மாத்திரையை டாக்டர் மாற்றியிருக்கிறார், பசிங்கோடு குழாய்ச் சண்டை தீர்ந்துவிட்டது. நாற்பதாம் நாள் வந்தது நீதான் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை, அவளாவது சந்தோஷமாக இருக்கட்டும். நீ காலையில் வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே, மார்யுத்திடம் குரலை உயர்த்தாதே. குழந்தைக்கு நம் பேச்சில் ஒரு வார்த்தை கூடத் தெரியாது என்று போனில் கேட்டபோதே தெரிந்தது. எல்லாவற்றையும் கற்றுக்கொடு என்று சொல்லவில்லை, மாயோ என்ற ஒன்றை மட்டும் கற்றுக்கொடு.

அக்டோபர் பன்னிரண்டு அப்பாவுக்கு வருஷம் திரும்புகிறது. அன்றைக்குத்தான் ஹுப்காஸ், பூசை முடிந்து நான் கறுப்பைக் கழற்றுகிற நாள். தோளில் குத்தியிருக்கிற கறுப்புப் பின்னைப் பிள்ளைதான் எடுத்துவிட வேண்டும். நீ வராவிட்டால் உன் இடத்தில் நிற்கிறாயா என்று அர்னேலைக் கேட்டேன், சரி டீட்டா, ஆனா அவன் வந்துடுவான் என்றான். அவனும் உன் அப்பா மாதிரியே பேசுகிறான். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனாலும் அரிசி ஊறவைக்கும்போது உங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் ஊறவைப்பேன், மிஞ்சினால் சேவலுக்குப் போடுவேன்.

கடவுள் உன்னையும் மார்யுத்தையும் குழந்தையையும் கண்ணிமை மாதிரி காக்கட்டும், உன் அப்பா மேலிருந்து உன்னை மன்னிக்கட்டும், அவர் மன்னித்திருப்பார், எனக்குத்தான் இன்னும் நாள் ஆகும். புதுக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டைக் கேட்டு மெசேஜ் போடாதே, தரமாட்டேன். வீட்டுச் சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது, ஆர்கிட் தொட்டிக்கு அடியில்.

உன் அம்மா,
எமெரிட்டா